சேமித்து வைத்த சொத்தைப் பல்

போன வாரம் டெக்சஸில் நான் படித்த பல் மருத்துவப் பள்ளிக்கு மனைவியோடு போயிருந்தேன். பழைய மாணவர்கள் சந்திப்பு. எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர், வந்தது நான்கு. வாசலிலிருந்து கிளினிக் வரை நூற்றுப் பன்னிரண்டு எட்டு நடந்தும் கிராம்புத் தைல வாசனையே இல்லை. திக்கென்றது. பல் ஆஸ்பத்திரியில் அது இல்லாமல் எப்படி?

அந்த நாளில் அது எங்கள் தோல் வரை ஊறியிருக்கும். பள்ளி தொடங்கி மூன்றாவது வருடம். ஒரு மரச்சாமான் கிடங்கைத் தடுத்துப் பதினெட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் மூன்று சாயாது. சென்னையில் வாங்கிய பட்டம் இங்கே போதாது என்பதால் நான் மறுபடி மாணவன். புதுப் பள்ளி என்று ஊரார் வாயைத் திறக்கப் பயந்தார்கள். நோயாளியை நாங்களேதான் பிடித்து வர வேண்டும். லைசென்ஸ் தேர்வுக்கும் அப்படித்தான்: அளவான சொத்தை உள்ள ஒருவரை அழைத்து வந்து, தேர்வாளர் முன் அடைத்துக் காட்ட வேண்டும். கோயில் பிரசாத வரிசையில் நின்று எல்லோர் வாயையும் பார்ப்பேன். ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"என்ன சார், நான் சாப்பிடுறதை எண்ணிட்டிருக்கீங்களா?"

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், பல்லை.

கடைசியில் சொத்தை வீட்டிலேயே கிடைத்தது. மனைவிக்கு, வலது கீழ்க் கடைவாயில். அளவெடுத்தது போல இருந்தது. தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம்.

"அதுவரைக்கும் அடைக்க வேண்டாம், அப்படியே வெச்சுக்கோ."

"வெச்சுக்க இது என்ன ஊறுகாயா?" என்று சிரித்தாள்.

தேர்வன்று தேர்வாளர் அந்தப் பல்லை லேசாகத் தட்டினார். அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது, இந்த நோயாளியை ஏற்க முடியாது, நீ இந்த முறை தேறவில்லை என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நாற்காலிக்குப் போனார்.

"எத்தனை நாளா வலிக்குது?" என்று அவளைக் கேட்டேன்.

"இருபது நாளா. கிராம்பை வெச்சு அழுத்திக்குவேன்."

வீடெல்லாம் கிராம்பு மணத்தது உண்மைதான். என் கோட்டிலிருந்து வருகிறது என்றே நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லலே?"

"சொன்னா அடைச்சிடுவீங்க. அப்புறம் எக்ஸாமுக்கு யாரு உட்கார்றது?"

பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்தவன் நான்தான். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வாயில் தேர்வு தேறினேன். ஆனால் கோயிலில் ஊரார் வாயையெல்லாம் பார்த்தவன், எதிரே உட்கார்ந்து இருபது நாள் இடது பக்கமே மென்றவளைப் பார்க்கவில்லையே!

அந்தத் தேர்வே இப்போது இல்லையாம். பிளாஸ்டிக் பல்லில் செய்து காட்டினால் போதுமாம். படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். திரும்பும்போது ஃப்ரீவேயில் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "அந்தப் பொண்ணுங்களோட புருஷன்களுக்காவது முப்பத்திரண்டும் மிஞ்சும்."