கோழி தின்ற உப்புமா

பள்ளிக்கூடத்துக்கு நான் போனது மூன்று வருஷம், அதுவும் உப்புமாவுக்காக. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்தக் கை வீசிய பரோட்டாவைத் தின்னாத ஆள் அன்னவாசல் வட்டாரத்தில் ஒருவர் இருந்தால் காட்டுங்கள், கடையை மூடிவிடுகிறேன். மைதா மாவைப் பிசைந்தே மாடி வீடு எழுப்பியவன் நான். எனக்கென்று ஒரு ஆஸ்பத்திரி வாசலை அறுபது வயது வரைக்கும் மிதித்ததில்லை.

எங்கள் வீட்டில் மற்றவர்கள் அப்படியில்லை. என்னைப் பெற்ற ஐயாவுக்கு வருஷம் பூராவும் சளி. எனக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சிக்கு இரண்டு காதிலும் சீழ். ஆளாளுக்குக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு திரிந்ததால் ஊருக்குள் எங்களுக்குப் பஞ்சுக்காது வீடு என்றே பேர். பஞ்சு வைக்காத காது என் காது ஒன்றுதான் என்று ஏழு வயதிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. காது போக, வயிறும் சரியில்லை. கை கால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் பானை. ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் கொல்லைப் பக்கம் ஓடுவாள். சவலைப் பிள்ளை என்றார்கள். ஆத்தா, அதாவது என்னைப் பெற்றவள், குடுமியான்மலைக்கு முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டாள். அன்னவாசலில் ஊசி போடுகிற கம்பவுண்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குச் சத்து பத்தலம்மா. கூழையே ஊத்திக்கிட்டிருந்தா எப்புடி? கோதுமை குடுங்க" என்றார்.

கோதுமைக்கு எங்கே போவது? எங்கள் காட்டில் விளைந்தது வரகும் கேழ்வரகும்தான். கோதுமை இருந்த ஒரே இடம் பள்ளிக்கூடம். கப்பலில் வந்த கோதுமையை மத்தியானம் உப்புமாவாகக் கிண்டிப் போடுவார்கள். அங்கேதான் என் சாமர்த்தியம். என் பங்கைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தூக்குவாளியோடு மறுபடி வரிசைக் கடைசியில் போய் நிற்பேன்.

"டேய், இப்பத்தானடா தின்ன? ஒனக்கு எத்தன வயிறு?" என்றாள் சமைக்கிற அம்மா.

"ரெண்டு. இன்னொண்ணு வீட்ல படுத்துக் கெடக்கு."

அவள் சிரித்துவிட்டு ஒரு கரண்டி கூடவே போட்டாள். அன்றிலிருந்து தினமும் இரண்டு பங்கு. என் வாழ்க்கையின் முதல் சம்பாத்தியம் அதுதான்.

தங்கச்சி யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். "அண்ணே, இது உள்ள போயி சண்ட போடுதுண்ணே" என்பாள். ஆனால் நான் கதை சொல்லி, மிரட்டி, கெஞ்சி ஊட்டினால் தின்றுவிடுவாள். "எம் மகன் கைராசி" என்று ஆத்தா பார்ப்பவரிடமெல்லாம் சொன்னாள். அந்தக் கைராசியில் இரண்டு மாதம் ஊட்டியும் பிள்ளை தேறவில்லை. பிறகு ஒரு நாள், "நான் பெரியவளாயிட்டேன், நானே திங்கிறேன், எங்கிட்டயே குடு" என்று தூக்குவாளியைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அதிசயம். சில வாரத்தில் வயிறு வற்றியது. கன்னத்தில் கொஞ்சம் சதை விழுந்தது. தெருவில் இறங்கி விளையாடினாள். ஊரே கோதுமையைப் பாராட்டியது. கொண்டுவந்தவனையும்தான்.

இதையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். நினைக்க வைத்தவள் மகள் வயிற்றுப் பேத்தி. அவளுக்கு இப்போது ஏழு வயது. குச்சிக் கை, பானை வயிறு. மகள் படித்தவள். கோதுமை, மைதா ஒத்துக்கொள்ளாத நோயாக இருக்கும், சீலியாக் என்று பேர் என்று எங்கோ படித்துவிட்டு, என் கடைப் பரோட்டாவை மூன்று மாதம் நிறுத்தினாள். பிள்ளை கொஞ்சம் தேறினாள். அதன் பிறகு டவுனில் ரத்தம் கொடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தைக் கேட்காதீர்கள்.

"பாத்தியாம்மா? மிஷினே சொல்லிருச்சு. எம் பரோட்டாவையா கொற சொன்ன?" என்று மகளை மடக்கிவிட்டு, பேத்தியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து நானே பிய்த்துப் போட்டு ஊட்டினேன். அவள் மறுபடி மெலிந்துபோனாள்.

திருச்சியில் ஒரு டாக்டரம்மா அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விதான் கேட்டார். ரத்தம் எடுக்கும்போது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தாளா? இல்லை. அடிக்கடி சளி, காதுவலி வருமா? வரும்.

"அப்ப இந்த டெஸ்ட்ட நம்ப முடியாதுங்க" என்றார்.

கோதுமையைத் தின்றுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தத்தில் அடையாளம் தெரியுமாம். அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று. அந்த டெஸ்ட் தேடுவது, கிருமியைத் தடுக்க ரத்தத்தில் இருக்கிற ஒரு வகைச் சரக்கை. சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்தச் சரக்கு கிடையாது. அடிக்கடி சளி, காதுவலி வருவது அதனாலும் இருக்கலாமாம். அவர்களுக்கு நோய் இருந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் வரும், முள் ஒடிந்த தராசில் நிறுத்த மாதிரி. முதலில் அந்தச் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வேறு டெஸ்ட். பார்த்தார்கள். பேத்திக்கு இல்லை. வேறு விதமாக ரத்தத்தைச் சோதித்து, வாய் வழியே குழாய் விட்டுக் குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக்கேதான்.

"வீட்ல வேற யாருக்காச்சும் சின்ன வயசுல இப்படி இருந்துச்சுங்களா ஐயா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க வம்சத்துலயா? எல்லாம் இரும்புங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். என் ரத்தத்திலும் அந்தச் சரக்கு இல்லை. "ஒங்களுக்கு இது ஒரு தொந்தரவும் குடுக்கல. ஒங்க அதிர்ஷ்டம்" என்றார். அத்தனை வருஷமும் அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

காரில் திரும்பும்போது முதலில் பஞ்சு ஞாபகம் வந்தது. பிறகு கோழி.

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புக் கோழி இருந்தது. தங்கச்சி தேறிவந்த அதே நாட்களில் அதுவும் கொழுத்தது. தூக்குவாளி மூடி சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வரும். எனக்குப் பொறி தட்டியது. ஒரு நாள் வாளியைக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரிப் போய், வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தங்கச்சி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. உப்புமாவைக் கிள்ளிக் கிள்ளிக் கோழிக்குப் போட்டாள். "வெரசாத் தின்னுடி, அண்ணன் வந்துரும்" என்றாள். பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கேழ்வரகுக் கூழைக் குடித்தாள்.

நான் கூப்பாடு போட்டேன். ஆத்தா விளக்குமாற்றோடு வந்தாள். "புள்ள நாலு மைல் சொமந்து கொண்டாந்தத கோழிக்குப் போட்டுட்டு, கூழா குடிக்கிற, கூழு?" தங்கச்சி அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நான் விடவில்லை. முட்டிக்கு முட்டி எதிரே உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொரு வாய்க்கும் "ஆ காட்டு" என்பேன். நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். கன்னத்துக்குள் ஒதுக்கியிருக்கிறாளா என்று விரலை விட்டுப் பார்ப்பேன். என்னை ஏமாற்ற யாராலும் முடியாது. வாளி காலியாகும்.

வயிறு மறுபடி உப்பியது. ஐப்பசி மழையில் சளியும் சேர்ந்துகொண்டது. கார்த்திகை பிறக்கவில்லை, போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நான்தான் காரணம் சொன்னேன்: "கோழிக்குப் போட்டதையும் அதுவே தின்னிருந்தா பொழச்சிருக்கும்." பெரியவர்கள் தலையாட்டினார்கள். விவரமான பிள்ளை என்று ஒருவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் பள்ளிக்கூடம் போனேன். சமைக்கிற அம்மாவுக்கு விஷயம் தெரியாது போல. நான் கேட்காமலேயே வாளியில் அந்த இரண்டாவது பங்கைப் போட்டாள். வாளியை மூடித் தூக்கிக்கொண்டு நடந்தேன். நான் பள்ளிக்கூடம் போனதில் அதுதான் கடைசி நாள்.

வீட்டு வாசலில் வாளியை இறக்கினேன். மூடி சத்தம் கேட்டுக் கறுப்புக் கோழி ஓடி வந்து, காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. நான் கல்லைப் பொறுக்கிக்கொண்டு அதைக் கிணற்று மேடு வரைக்கும் விரட்டினேன். "எந் தங்கச்சி பங்கத் தின்னு தின்னு அவளக் கொன்னுட்டியேடி" என்று கத்திக்கொண்டே விரட்டினேன்.