அண்ணன் எனக்குக் கொண்டு வந்த முழுக்கட்டை

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு திரும்புகிறது. இந்த நினைவு மலரில் உடன்பிறந்தவர்கள் சார்பில் ஒருவர் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். எல்லாரும் தம்பின் ஊரில் இருக்கும் அக்காவைத்தான் கை காட்டினார்கள். அக்கா ஆறாவது வரை படித்தவர், கையெழுத்து கோலம் மாதிரி இருக்கும். நான் மூன்றாவதோடு நின்றவள். இருந்தாலும் நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அக்காவே எழுதினால், அண்ணன் அவரோடு மட்டும் பிறந்த தம்பி என்று ஆகிவிடும்.

அண்ணன் ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர். அக்கா மூத்தவர், அண்ணன் நடு, நான் கடைசி. அப்பா பால்மரம் வெட்டியவர். அவர் நெஞ்சுவலியில் போனபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆட்களை மேய்க்கும் மண்டோர் முன்னால் போய் நின்று வேலை கேட்டார். பால் வாளி தூக்கினார். லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு அதே லாரியை ஓட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அக்காவைத் தம்பினில் கொடுத்தார், என்னைச் சுவாவில் கொடுத்தார். அக்கா கல்யாணத்துக்கு மேளம் இரண்டு செட் வந்தது. எனக்கு ஒரு செட்தான். அதை நான் மறக்கவில்லை.

தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது அந்தப் பழைய லாரியைக் கழித்துவிட்டார்கள். அண்ணன் அதை இரும்புக்கடைக்குப் போக விடவில்லை, தானே வாங்கிக்கொண்டார். அதன் இடது பக்கக் கதவு சாத்தாது, சைக்கிள் டியூப்பால் கட்டியிருப்பார். கூடவே ஒரு உடைந்த டிராக்டரும் வந்தது. அதன் எஞ்சினைக் கழற்றி, இரண்டு சக்கரத்தின் மேல் ஏற்றி, பெரிய இரும்பு ஆப்பு ஒன்றைப் பற்றவைத்து, கட்டை பிளக்கும் மிஷின் ஒன்றைத் தானே செய்தார். லாரிக்குப் பின்னால் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார். அவர் வருவது ரோட்டு முனையிலேயே கேட்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணனுக்குப் பொழுதுபோக்கு விறகுதான். காற்றில் விழுந்த ரம்புத்தான், பட்டுப்போன பால்மரம், எதுவானாலும் மேனேஜரைக் கேட்டு ஏற்றி வருவார். ஒரு குச்சியைக்கூட விற்றதில்லை. கோயில் தீமிதிக்குக் கொடுப்பார், கல்யாணச் சமையலுக்குக் கொடுப்பார். "மத்த ஆம்பளைங்க வயசான காலத்துல டிவி பாக்குறாங்க. இவரு பட்ட மரத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறாருலா" என்று அண்ணி சிரிப்பார். சிரித்தாலும் அண்ணிக்கும் அந்த லாரி மேல் பொறாமைதான். அண்ணி காய்ச்சலில் படுத்தால்கூட, முதலில் லாரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அண்ணன் மாத்திரை வாங்கப் போவார்.

பொங்கலுக்குக் கூடப்பிறந்த பெண்களுக்குச் சீர் அனுப்புவது நம் வழக்கம். மற்ற வீடுகளில் கரும்பு, பானை, சேலை வரும். எங்களுக்கு அதோடு விறகும் வரும். லாரி முதலில் தம்பினுக்குத்தான் போகும். அக்காவுக்கு வருவது பிளந்து, தகரத்துக்கு அடியில் காயவைத்து, சீப்புப் பல் மாதிரி அடுக்கிய விறகு. அன்றைக்கே அக்கா எனக்குப் போன் போடுவார். "சின்னவளே, என் வெறகு வந்துருச்சு. தீக்குச்சி காட்டுனா போதும், புடிச்சிக்கிது. ஒனக்கு வந்துருச்சா?"

எனக்கு மறுநாள்தான் வரும். அதுவும் பிளக்காத முழுக்கட்டை, முடிச்சு முடிச்சாக. அண்ணன் அதை என் வாசலில் உருட்டிவிட்டு, மிஷினை இறக்கி, காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிளப்பார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகும் அப்படித்தான். ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டே விட்டேன்.

"ஏண்ணே, அக்காவுக்கு மட்டும் நல்ல வெறகு, எனக்கு முடிச்சுக் கட்டையா? நான் என்ன ஒங்களுக்கு மாத்தாந்தாய் மகளா?"

"ஒனக்கு இதான்லா பொருத்தம். நீயும் லேசுல பொளக்க மாட்ட. போ, போயி கோழிக்கறிய வையி" என்றார்.

கறி வைத்தேன். சாப்பிட்டார், கொஞ்சம் படுத்தார், எழுந்து மறுபடியும் பிளந்தார். அப்பாவைப் பற்றிப் பேசுவார், மிஷின் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்காது. பொழுது சாய்ந்த பிறகுதான் லாரியைக் கிளப்புவார். ஆனாலும் என் மனசு ஆறவில்லை. அண்ணனுக்கு அக்காதான் ஒசத்தி என்றே இத்தனை காலம் இருந்தேன்.

போன பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் படுத்தார். நுரையீரலில் நீர் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் பொங்கல் கழிந்தும் திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் விறகு கொடுத்தவர் மின்சாரச் சுடலையில் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த அன்று லாரி அப்படியே நின்றது. எனக்கென்று ஏற்றி வைத்த கட்டைகள் அதில் இருந்தன. அக்கா போய் அதில் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இத நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"அது பொளக்காத கட்டைக்கா. ஒனக்குத்தான் நல்லது நல்லதா வந்துச்சே."

அக்கா என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு கோபத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. "என்னாடி நல்லது? எறக்குவான், அடுக்குவான், 'வரேங்க்கா'ன்னு போயிருவான். ஒரு வாய் சோறு தின்னதில்ல. கேட்டா, 'சின்னவ வீட்டுல நாளைக்கு வேல கெடக்கு'ம்பான். பொழுதுக்கும் ஒன் வாசல்லதான கெடந்தான்! பொளக்குற மிஷின் அவன்கிட்ட இல்லியா? ஒனக்கும் வீட்டுலயே பொளந்து கொண்டாந்து போட அவனுக்கு முடியாதா?"

பக்கத்தில் நின்ற அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். துக்க வீட்டில் சொல்லக்கூடாதுதான், ஆனால் எனக்கு அந்த நேரத்தில் உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது.

கட்டைகளை நான்தான் கொண்டு வந்தேன். துக்க வருஷம் என்பதால் இந்தப் பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை. கட்டையில் காளான் பூத்திருக்கிறது. யாரையும் நான் பிளக்க விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காவல் இருந்த உறவுகளுக்கும், கட்டைகளோடு லாரியை என் வீட்டுக்கு ஓட்டி வந்து கொடுத்த பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவருக்கும், மூன்று நாளும் சாப்பாடு போட்ட கோயில் கமிட்டியாருக்கும், அண்ணனைக் கண்போலப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அக்காவுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கட்டையாவது கொடு என்று இன்னும் போனில் கேட்கிறார். கொடுக்க மாட்டேன். வேண்டுமானால் தம்பினிலிருந்து காலையிலேயே கிளம்பி வரட்டும். வாசலில் அந்தக் கட்டை மேல் உட்காரட்டும். கோழிக்கறி வைக்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு போகலாம்.