பத்துக்கு எவ்வளவு தாங்குவாய்?

எனக்கு அவளைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நல்லவள் வேஷம் போட வேண்டியிருக்காது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி. பலகையில் ஒயர்களை அடுக்கி டேப் சுற்ற வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு நான் நாற்பத்தெட்டு கட்டுவேன். ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வந்து மூன்று மாதமே ஆன அந்தப் பெண் அறுபது கட்டினாள். "புதுசா வந்த பொண்ணு பண்ணுது, உனக்கு இன்னா கேடு?" என்று லைன் லீடர் தினமும் கத்துவார். இருவருமே காண்ட்ராக்ட். எங்கள் லைனில் ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு. அது நான்தான் என்று எனக்குத் தெரியும். வயிறு எரிந்தது, வேறென்ன.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வேலை டென்ஷனைத் தாங்குவோம் என்று எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளக்கிறார்களாம். பத்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துவரை நமக்கு நாமே மார்க் போட வேண்டும். "பேர் வேணாம், டோக்கன் நம்பர் மட்டும் போதும்," என்றார். டோக்கன் நம்பர் தெரிந்த பிறகு பேர் எந்தக் குப்பைக்கு? கம்பெனித் தாள் என்றால் பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நல்லதாகத்தான் எழுதுவோம். முதுகு வலிக்குதா? இல்லவே இல்ல. நானும் அரை நிமிஷத்தில் பத்து பத்தாகப் போட்டு முடித்தேன்.

அவள் தாளோடு என்னிடம் வந்தாள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்குப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"அக்கா, படிச்சு சொல்லேன். நீயே போட்டுடு."

'எல்லாத்துக்கும் பத்து போடு' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மேலே இருப்பவர் திட்டினாலும் பதறாமல் வேலை செய்வேன் என்ற நம்பிக்கை எவ்வளவு என்று முதல் கேள்வியைப் படித்தேன்.

"பதறாம எப்டிக்கா? பாத்ரூம்ல போய் அழுவேன். அப்பறம் மூஞ்சி கழுவிக்கினு வந்து மறுபடி டேப் சுத்துவேன்."

அழுததற்கு இரண்டு போட்டேன். திரும்பி வந்து சுற்றுவதற்கு ஒன்றும் போடவில்லை.

ஒரே சமயத்தில் பல பிரச்சினை வந்தால்?

"நைனா கை கால் வராம படுத்துக்கினு கீறாரு. அவருக்கு எல்லாம் பண்ணிட்டுத்தான் பஸ்ஸு புடிக்கிறேன். சில நாளு எங்கனா ஓடிப்போயிடலாம்னு தோணும்க்கா."

ஒன்று போட்டேன். பத்தும் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை யாரும் இப்டி உக்காரவெச்சுக் கேட்டதே இல்லக்கா." பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்போதுகூட நான் அடித்துத் திருத்தியிருக்கலாம். தாளைக் கொண்டுபோய் மேடமிடம் நானே கொடுத்தேன்.

அடுத்த வாரம், சாப்பாட்டு மணிக்கு முன்னால், லைன் லீடர் அவளிடம் வந்தார். "உன்னால பிரஷர் தாங்க முடியாதுன்னு நீயே எழுதிக் குடுத்துகீற. நாளைலேர்ந்து வர வேணாம்மா."

அவள் பாத்ரூமுக்குப் போனாள். மூஞ்சி கழுவிக்கொண்டு வந்தாள். டேப்பை எடுத்தாள். ஷிஃப்ட் முடிந்தபோது அறுபத்திரண்டு கட்டியிருந்தாள்.

பஸ் ஏறுமுன் கேட்டாள். "நீ எவ்ளோக்கா போட்டுக்கின?"

"பத்து."

"எல்லாத்துக்குமா?"

"ஆமா."

"அப்ப என்னாண்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே," என்றேன்.

மறுநாள் என் பலகையில் அறுபது என்று எழுதியிருந்தது. "பத்து போட்டவளாச்சே, தாங்குவ," என்றார் லைன் லீடர். மத்தியானம் இருபத்தைந்தைத் தாண்டவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டினார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். மூஞ்சி கழுவினேன். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.