சாவியக்கா வீட்டுக் கூரைச் சட்டி

சாவியக்காவுக்கு அந்தப் பெயர் விடுதியில் வந்தது. படிக்கிற பெண்பிள்ளைகள் தங்கும் பெரிய விடுதி அது. அறைச் சாவி, அலமாரிச் சாவி, மோட்டார் அறைச் சாவி எல்லாம் வளையத்தில் கோத்து இவர் இடுப்பில்தான் தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். நேரம் தவறி வருகிற பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் பறப்பார்கள். சாவியை வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகக் குலுக்கிக்கொண்டு வருவதுதான் அக்காவின் வழக்கம். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பிள்ளையைக்கூடக் காட்டிக் கொடுத்ததில்லை.

வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். "என் வண்டியில ஒரு கீறல் உண்டா? யாரை வேணா கேளு" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. கேட்க ஆள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்தாவது சொல்லிவிடுவார்.

இரண்டு பேரும் வேலை கொடுத்தவர்கள் தந்த குடியிருப்பிலேயே காலம் தள்ளினார்கள். வேலை முடிந்ததும் அதைக் காலி செய்யவேண்டி வந்தது. இனி எங்கே போவது என்று அக்கா கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, டிரைவர் ஒரு பழைய கேரவனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேசை, நின்றால் இரண்டு முழங்கையும் இடிக்கிற குளியலறை.

"வீடு எங்கேன்னு கேட்டியே, இதோ. தெரு பிடிக்கலேன்னா வேற தெருவுக்கு ஓட்டிக்கலாம்."

அக்கா உள்ளே ஏறி, கண்ணாடிக்கு மேலே தன் சின்னச் சாமி படத்தை ஒட்டினார். அதோடு அது வீடாகிவிட்டது.

அக்காவுக்கு ஒரே தம்பி. அம்மா போன பிறகு இவர்தான் தலைவாரி, சோறூட்டி வளர்த்தார். பஸ்ஸுக்கும் லாரிக்கும் முன்கண்ணாடி மாட்டுவது அவன் தொழில். ஆள் பருமன், வேலை மட்டும் நுணுக்கம். அவன் பசை போட்டு ஒட்டிய கண்ணாடியில் எவ்வளவு மழை அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அவனுக்கு அதுதான் பட்டம், பதவி எல்லாம்.

காலையில் சாமி பாட்டு கேட்காமல் அக்காவுக்கு டீ இறங்காது என்று தம்பிக்குத் தெரியும். கேரவன் வந்த புதிதில், டிரைவர் காய்கறி வாங்கப் போன நேரமாகப் பார்த்து வந்தான். கூரையில் துளை போட்டு, டிவிக்கு ஒரு டிஷ்ஷை நிறுத்தி, கண்ணாடிப் பசையை அப்பி ஒட்டிவிட்டான். டிரைவர் பையோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னைக் கேக்காம என் தலையில ஓட்டை போட்டுட்டியே மச்சான்!"

"தலை உங்களுது, பாட்டு அக்காவுக்கு" என்று சிரித்தான் தம்பி.

கொஞ்ச காலம் படம் தெரிந்தது. மரத்தடியில் நிறுத்தினால் தெரியாது. பிறகு பாட்டெல்லாம் போனிலேயே வந்துவிட்டது. டிஷ்ஷை மடக்கும் கைப்பிடி துருப்பிடித்து, பாதி நிமிர்ந்த நிலையிலேயே இறுகிப்போனது. அதில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. காக்கைகள் வந்து குளித்தன. டிரைவர் அதற்குச் சட்டி என்று பெயர் வைத்தார்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. ஒரு மழைக்காலத்தில் கட்டிலுக்கு மேலே கூரைப் பலகையில் ஈரம் படர்ந்தது. அடுத்து வந்த ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்தில், இலையில் கை வைத்தபடியே டிரைவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "எங்க மச்சான் ஒட்டின சட்டி ஒழுகி, நாங்க குடை பிடிச்சுக்கிட்டுத் தூங்குறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அன்றிலிருந்து அத்தான் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்தால் "உங்க வீட்டுக்காரர் நடக்கப் போயிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் பேசுவான். டிரைவரும் மச்சான் என்பதை விட்டுவிட்டு "உன் தம்பி" என்று ஆரம்பித்தார். நடுவில் நின்றது அக்கா. சாமி படத்தின் முன்னால் தினமும் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிக் கும்பிட்டார். அவரால் முடிந்தது அதுதான்.

இப்படி இருக்கும்போது, இவர்கள் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே மகளுக்குப் பிள்ளை உண்டானது. எட்டாம் மாதம் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, எழுந்திருக்கவே கூடாது, படுத்தே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். மகள் இருப்பது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. ஒரே அறை. மருமகனுக்கு இரவு வேலை. இன்னும் இரண்டு பேர் படுக்க அங்கே இடம் கிடையாது. கீழே முற்றத்தில் கேரவனை நிறுத்திக்கொள்ளக் குடியிருப்புக்காரர்கள் சரி என்றார்கள். அம்மா கூப்பிடு தூரத்தில் இருப்பாள் என்றதும் மகள் போனிலேயே அழுதுவிட்டாள்.

ஆனால் முற்றத்து வாசலில் லாரி நுழையாமல் இருக்கக் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் கட்டியிருந்தது. டிரைவர் வண்டியைத் திருப்பி நேராக விட்டபோது வாட்ச்மேன் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, நிறுத்துங்க! தலையில என்னமோ இருக்கு!"

டிரைவர் பிரேக்கைப் போட்டார். இறங்கிப் பார்த்தால் குழாய்க்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். சட்டி குழாயைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. அவர் காலத்தில் அவரைப் பார்த்து யாரும் விசில் ஊதியதில்லை. வண்டியைப் பின்னால் எடுத்தார்.

தெருவில் நிறுத்த விடவில்லை. ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கும் திடலில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து பஸ் பிடித்து அக்கா பகலில் மகளைப் பார்த்து வந்தார். கடைசி பஸ்ஸுக்கு அவர் கிளம்பும்போது மகள், "போயிட்டு வாம்மா, எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்பாள். முந்தானையை மட்டும் விடமாட்டாள்.

டிரைவர் தானே கூரையில் ஏறினார். திருப்புளி, கடப்பாரை எல்லாம் போட்டு நெம்பினார். சட்டியும் தண்டும் அடித்தட்டோடு துருவில் ஒன்றாக இறுகிக் கிடந்தன. தட்டு அசையவில்லை, கூரைத் தகடுதான் முனகியது. மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் ஏணியில் நின்றபடியே உதட்டைப் பிதுக்கினார்.

"இது கண்ணாடிப் பசை. பத்தாததுக்கு உள்ள போல்ட் வேற இருக்கும்போல. நெம்பினா கூரையோட வந்துடும். வச்சவனையே கூப்பிடுங்க."

டிரைவர் இறங்கி வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா போனை எடுத்தார்.

"சொல்லுக்கா. உங்க வீட்டுக்காரர் நடக்கப் போயிட்டாரா?"

"இல்லடா. பக்கத்துலதான் இருக்காரு."

அவன் போனை வைத்துவிடுவதற்குள் அக்கா அவசரமாகச் சொன்னார்.

"அந்த டிஷ்ஷைக் கழட்டணும்டா."

"ஏன், காக்கா கோச்சுக்காதா?"

"விளையாடாத. பாப்பா அங்க தனியாப் படுத்துக் கிடக்குறா. அது தட்டுது, வண்டி உள்ள போக மாட்டேங்குது."

"பாப்பாவா? ஏன் முன்னாடியே சொல்லல? காலையில வந்துடுறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஆனா ஒண்ணு. நான் வேலைக்குத்தான் வரேன், பேச்சுவார்த்தைக்கு வரல."

"வரட்டும். நானும் வாயைத் திறக்கல" என்றார் டிரைவர், ஜன்னலைப் பார்த்து.

தம்பி காலையில் கருவிப் பெட்டியோடு வந்தான். வண்டிக்கு இரண்டு பக்கமும் ஏணி போட்டாயிற்று.

"அக்கா, அந்த ஏணியை ஒட்டிப் பிடிக்கச் சொல்லு."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, காதும் இருக்கு. நான் எதுக்குடா தபால்காரி மாதிரி நடுவுல?" என்று அக்கா அதட்டினார். 

முதலில் உள்ளே இருக்கும் போல்ட்டைக் கழற்றவேண்டும். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி நின்று கூரைப் பலகையை அவிழ்த்தான். டிரைவர் டார்ச் பிடித்தார். பலகை இறங்கியதும் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

போல்ட்டுகளுக்குக் கீழே ஒரு சின்னத் தகரத் தட்டு மாட்டியிருந்தது. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று சுவருக்குள்ளே போய், பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் இறங்கியது. என்றைக்காவது ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினாலும் அக்காவின் தலையணையில் விழாமல் போகட்டும் என்று தம்பி அன்றைக்கே வைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. தட்டில் தூசிதான் இருந்தது, ஈரம் பட்ட தடமே இல்லை.

ஈரத்தின் கறை வேறு பக்கமிருந்து வந்திருந்தது. டார்ச் வெளிச்சம் அதைப் பிடித்துக்கொண்டே மெல்ல நகர்ந்தது. கறை கூரையில் இருந்த மேல் ஜன்னலின் சட்டத்தில் போய் நின்றது. காற்றுக்காகத் திறக்கிற ஜன்னல் அது. கேரவன் வாங்கிய புதிதில் டிரைவர் தானே கழற்றித் துடைத்து, தானே பசை வைத்து மாட்டியது.

டார்ச் அங்கேயே நின்றது.

'கடவுளே, இவன் இப்போது மட்டும் வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும்' என்று அக்கா மனதுக்குள் வேண்டிக்கொண்டார். விருந்தில் கைகழுவிய தம்பியின் முகம் அவர் கண்முன் வந்து நின்றது. பதிலுக்கு இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவார். மகள் தனியாகவே கிடப்பாள்.

தம்பி தட்டை விரலால் ஒரு முறை துடைத்தான். விரலைப் பார்த்தான். வேட்டியில் தேய்த்துக்கொண்டான்.

"ஸ்பேனர் குடுக்கா" என்றான். அவ்வளவுதான்.

போல்ட்டுகள் கழன்றன. இனி பசையை அறுக்கவேண்டும். பழைய முன்கண்ணாடியை எடுக்க வைத்திருக்கும் முறுக்குக் கம்பியைத் தம்பி எடுத்தான். அதைக் கூரை மேலிருந்த அடித்தட்டுக்குக் கீழே நுழைத்து, இரண்டு முனையிலும் கைப்பிடி மாட்டினான். ஆளுக்கு ஒரு பக்கம் ஏணியில் நின்று மாற்றி மாற்றி இழுக்கவேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்கவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால் கம்பி அறுந்துபோகும்.

நடுவில் சட்டி மறைத்ததால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. கீழே நின்ற அக்காவுக்கு இரண்டு பேர் முகமும் தெரிந்தது. தொடக்கத்தில் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்து இழுத்தார்.

"மெதுவா. விட்டுக் குடுங்க, கம்பி சூடாவுது" என்றான் தம்பி. இந்த முறை அக்காவிடம் சொல்லவில்லை.

"சரி."

பிறகு இழுப்பு ஒரு சீருக்கு வந்தது. சர், சர் என்று பசை அறுந்துகொண்டே போனது. கடைசிப் பிடி விட்டதும் தட்டு சப்பென்று எழும்பி, சட்டி டிரைவர் பக்கம் சாய்ந்தது. அதில் தேங்கியிருந்த தண்ணீர் முழுக்க அவர் தலையில் கொட்டியது.

 டிரைவர் முகத்தை வழித்துவிட்டு, மீசையில் ஒட்டிய இறகை எடுத்துப் பார்த்தார்.

"காக்கா குளிச்ச தண்ணி" என்றார்.

அக்காவால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஏணியடியில் உட்கார்ந்துவிட்டார். மேலே தம்பியின் தொந்தி குலுங்குவது தெரிந்தது. டிரைவரும் சிரித்தார்.

தம்பி துளைகளை அடைத்து, மேலே அலுமினியத் தகடு ஒன்றை ஒட்டினான். கருவிகளைப் பெட்டியில் போடப் போனபோது டிரைவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"பசை மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அந்த மேல் ஜன்னலையும் நீயே பிரிச்சு ஒட்டிடு மச்சான். நான் ஒட்டினது சரியில்ல. தப்பா உன்னைச் சொல்லிட்டேன்."

தம்பி பெட்டியை மறுபடி திறந்தான். எதையோ தேடுவதுபோல் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான்.

"பழசைச் சுரண்டிட்டுத்தான் ஒட்டணும். நேரமாகும், அத்தான்."

"ஆகட்டும். சாப்பிட்டுட்டு ஒட்டு. இன்னைக்காவது முழுசாச் சாப்பிடு."

பசை இறுக ஒரு நாள் விட்டார்கள். மறுநாள் சாயங்காலம் தம்பியும் கூடவே வந்தான். வாசலில் வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். டிரைவர் அங்குலம் அங்குலமாக விட்டு, குழாய்க்கு முன்னால் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். சட்டி போய்விட்டது. ஆனால் இப்போது மேல் ஜன்னலின் மூடி ஒரு விரல் அளவுக்குத் தட்டும்போல் இருந்தது.

"இதுவும் உங்க ஜன்னல்தான் அத்தான். என் மேல பழி போடாதீங்க" என்றான் தம்பி.

"டயர்ல காத்தைக் குறைக்கட்டுமா ஐயா?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"காத்து எதுக்கு? ஆண்டவன் என் மச்சானுக்கு இவ்வளவு உடம்பைச் சும்மாவா குடுத்திருக்கான்? ஏறுடா. பின்னால கட்டில்ல போய் உக்காரு. வாட்ச்மேன், நீங்களும் ஏறுங்க."

இரண்டு பேரும் ஏறியதும் வண்டி முக்கிக்கொண்டே தாழ்ந்தது. அக்கா வாசல் ஓரமாக நின்று கண்ணிமைக்காமல் பார்த்தார். மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் வெளிச்சம் ஒரு நூலாகத் தெரிந்தது. வண்டி நகர்ந்தது. நூல் அறுபடவில்லை. முழு வண்டியும் உள்ளே வந்து நின்றது.

மேலே மூன்றாவது மாடி ஜன்னலில் திரை விலகியது. மகள் படுத்தபடியே கையை மட்டும் ஆட்டினாள். கதவைத் திறக்க அவள் எழுந்து வரக்கூடாது என்பதால், மருமகன் வேலைக்குக் கிளம்பும்போதே வீட்டுச் சாவிக்கொத்தை வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய வாட்ச்மேன் அதை அக்கா கையில் கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அம்மா, வண்டிக்குள்ள கிடக்குற அந்தச் சட்டி உங்களுக்கு வேணாம்னா எனக்குக் குடுங்களேன். மதில் மேல வச்சா குருவிக்குத் தண்ணி ஊத்தலாம்."

"தாராளமா எடுத்துக்குங்க. காக்காவையும் விரட்டாதீங்க" என்றார் அக்கா.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினார். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. கீழே வண்டியை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"லெஃப்ட்ல ஒடிங்க அத்தான், சுவர் இடிக்கப் போகுது!"

"எனக்கா சொல்ற? என் வண்டியில ஒரு கீறல் உண்டா, யாரை வேணா கேளு!"

இரண்டாவது மாடி திரும்பும்போது அக்கா இடுப்பிலிருந்த சாவியைக் கையில் எடுத்துக் கொஞ்சம் பலமாகவே குலுக்கினார். மேலே வீட்டுக்குள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா வந்தாச்சு."