திங்கட்கிழமை வராத பிள்ளை

போர்க்காலத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லையென்றால் அதற்கு எத்தனையோ பொருள் இருந்தது. காய்ச்சலாக இருக்கலாம். கரையில் சூடை மீன் பட்டு, வலை இழுக்க ஆள் காணாமல் தகப்பன் மறித்திருக்கலாம். இராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் முழுவதும் மைதானத்தில் குந்தியிருக்கலாம். நான் அப்போது திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டின் வகுப்பாசிரியர். காலையில் வரவு இடாப்பைத் திறக்கும்போது யார் வரவில்லை என்பதைவிட, ஏன் வரவில்லை என்பதைத்தான் முதலில் அறிய விரும்பினேன்.

அதற்காக நானே ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் இன்னொரு பிள்ளை ‘அயல்’. பள்ளிக்கு வரும் வழியில் அந்த வீட்டுப் படலையில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஒருவர் வராவிட்டால், பெயர் கூப்பிடும்போது அவருடைய அயல் எழும்பிக் காரணம் சொல்லவேண்டும்.

“சேர், அவன் செக்பொயின்ரில நிக்கிறான். சைக்கிள் ரியூப்புக்குள்ள காத்துத்தான் இருக்கெண்டு நம்பிறாங்களில்லை.”

“சேர், அவன்ர வீட்டு மாடு கண்டு போட்டிட்டுது.”

“கண்டு போட்டது மாடுதானே. அவனுக்கு என்ன?”

“அவனும் களைச்சுப் போனான் சேர்.”

வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். யன்னலுக்கு வெளியே, நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்கள் மதிலோரம் நின்று இலை தின்னும். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதினால் கரும்பலகைக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தவேண்டும். இரவில் எங்கோ செல் குண்டு விழுந்திருக்கும். ஆனால் காலையில் அத்தனை பேரும் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்த மகிழ்ச்சி வேறெதிலும் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

வரவைக் கூட்டுவதற்கு அதிபரும் ஒரு வழி பிடித்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அந்தக் கிழமை ஆகக் குறைவாகப் பிள்ளைகள் வராமல் நின்ற வகுப்பின் வாசலில் ஒரு கொடி கட்டப்படும். என்ன நிறக் கொடி என்பதில்தான் ஆசிரியர் அறையில் அரைநாள் போனது. சிவப்பு வேண்டாம் என்றார் ஒருவர். மஞ்சளும் வேண்டாம்; இரண்டும் இயக்கத்தின் நிறம். பச்சை, நீலம் என்றால் கட்சி. வெள்ளை கட்டினால் சரணடைந்துவிட்டீர்களா என்று சென்றியில் காவல் நிற்கும் சிப்பாய்கள் பகிடி பண்ணுவார்கள். கடைசியில் மனையியல் ரீச்சர் தன் வீட்டு யன்னல் சீலையில் மிஞ்சிய துணியைக் கொண்டுவந்தார். ரோசாப்பூப் போட்ட துணி. அதை எந்தப் படையும் தன்னுடைய கொடி என்று சொல்லாது.

அந்தக் கொடி எங்கள் வகுப்பு வாசலைவிட்டுப் போகக்கூடாதென்று பிள்ளைகளைவிட நான்தான் ஆசைப்பட்டேன்.

ஆனால் ஒரு பிள்ளை திங்கட்கிழமைகளில் வருவதில்லை. அமைதியான பிள்ளை, கணிதத்தில் கெட்டிக்காரி. அவளுடைய அயல், பக்கத்து ஒழுங்கையில் இருந்த முஸ்லிம் பிள்ளை. இவள் எழும்பி ஒவ்வொரு திங்களும் ஒரே காரணத்தையே சொல்வாள். “வயித்துக்குத்து சேர்.”

“திங்கட்கிழமைக்கெண்டு தனி வயிறு வைச்சிருக்கிறாளடா” என்று கடைசி வாங்கில் இருந்து ஒரு குரல் வரும். அவளுக்கு ‘திங்கள்’ என்று பட்டமும் வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவள் உள்ளே வரும்போது, “திங்கள் வந்திட்டுது, செவ்வாய் எங்க?” என்று கேட்பார்கள். அவளால்தான் கொடி போகிறதென்று வகுப்பு முழுவதற்கும் தெரியும். நான் அந்தக் கேலியைத் தடுக்கவில்லை. வெட்கப்பட்டாவது வருவாள் என்று எண்ணினேன்.

ஒரு நாள் இடைவேளையில் அந்த அயல்பிள்ளை என்னிடம் தனியாக வந்தாள்.

“சேர், நான் பொய்தான் சொல்லிட்டு வாறன். அவக்கு வயித்துக்குத்து ஒண்டுமில்ல. அவட அப்பாவைப் புடிச்சு ஆமிக் காம்புக்குள்ள வெச்சிருக்காங்க. திங்கட்கிழமையிலதான் பாக்க விடுவாங்க. வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வரமாட்டாங்க எண்டு அவட அம்மா பயப்பிடுறா. நீங்க ஆருக்கும் சொல்லிராதீங்க சேர்.”

அதோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். காரணம் தெரிந்துவிட்டது. காரணத்தை அறிவதற்குத்தானே அந்த வழக்கத்தை உண்டாக்கினேன். ஆனால் நான் அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

தாய் கதிரையைத் துடைத்து என்னை இருத்தினார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் எதையும் மறைக்கவில்லை. கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். வேலை முடிந்து வரும் வழியில், ஒரு சுற்றிவளைப்பில் மற்றவர்களோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள்.

“இவளைக் கண்டாத்தான் சேர் அவர் முகம் குடுத்துக் கதைப்பார். நான் தனியப் போனா, ‘அரிசி இருக்கோ, அரிசி இருக்கோ’ எண்டதோட சரி.”

“எனக்கு விளங்குது அம்மா. ஆனா அடுத்த வருசம் ஓ.எல். சோதினை. திங்கட்கிழமையிலதான் கணிதம் ரெண்டு பாடம் தொடர்ந்து வருது.”

குசினி வாசலில் நின்ற பிள்ளை, “நான் செவ்வாய்க்கிழமை கொப்பி வாங்கிப் பாத்து எழுதிறனான்தானே சேர்” என்றாள்.

“பாத்து எழுதிக் கணக்கு வராது பிள்ளை. அப்பா அங்கதான் இருப்பார். சோதினை உனக்காக நிக்காது.”

தாய் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். பிறகு, “சேர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார். ஓர் ஆசிரியரின் சொல்லுக்கு அப்போது அவ்வளவு மதிப்பு இருந்தது. அவளுடைய படிப்பை நினைத்துத்தான் பேசினேன்; அது பொய்யில்லை. ஆனால் திரும்பிவரும் வழியில், வெள்ளிக்கிழமை கொடி எங்களுக்குத்தான் என்ற நினைப்பும் என்னோடு சைக்கிளில் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் வந்தாள். கடைசி வாங்கில் கைதட்டினார்கள். அதற்குப் பின் ஒவ்வொரு திங்களும் வந்தாள். கொடி எங்கள் வாசலிலேயே ஆடியது. அதிபர் மற்ற ஆசிரியர்களுக்கு என் வகுப்பை உதாரணம் காட்டினார். பெயர் கூப்பிட்டால் அவள் தெளிவாகப் பதில் சொல்வாள். கணக்குகளைச் சரியாகச் செய்வாள். மற்றப் பிள்ளைகளோடு சிரிப்பது மட்டும் குறைந்தது. அது வயதோடு வரும் அடக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகொரு திங்கட்கிழமை, கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது தாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஓடி வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

“சேர், பிள்ளையை விடுங்கோ. நாளைக்கு விடிய அவரைத் தெற்குக்கு ஏத்திறாங்களாம். ‘பிள்ளை எங்க, பிள்ளை எங்க’ எண்டு கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். மத்தியானத்தோட கேற்றைப் பூட்டிப்போடுவாங்கள்.”

அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு நான் மிதித்தேன். தாய் பின்னால் நடந்து வந்தார். பாதித் தூரம் போனதும் செக்பொயின்ரில் மறித்தார்கள். கடற்படை வாகனங்கள் வருகின்றன, போய் முடியும்வரை ஒருவரும் அசையக்கூடாது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டுப் பார்த்தேன். சிப்பாய் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றான். மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர்கள், பாண் கூடைக்காரர், நாங்கள் என்று எல்லோரும் வெயிலில் நின்றோம்.

“சேர், நான் இறங்கி நடக்கட்டே?”

“ஏலாது பிள்ளை. மறிச்சிருக்கிறாங்கள்.”

முகாம் வாசலுக்குப் போனபோது, பார்த்து முடித்த சனங்கள் வெறும் சாப்பாட்டுப் பைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கேற் பூட்டியாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை வாருங்கள் என்றான் காவலில் நின்றவன். அடுத்த திங்கட்கிழமை அவர் இங்கே இருக்கமாட்டார் என்றேன். அது தனக்குத் தெரியாது என்றான். பிள்ளை கம்பிவேலியோரமாக அதன் மறுமுனைவரை போய்த் திரும்பி வந்தாள். உள்ளே ஒரு சுவரும் காயப்போட்டிருந்த உடுப்புகளும் மட்டுமே தெரிந்தன. தாய் வந்து சேர்ந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெற்கில் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று தெரியவர மாதக்கணக்காயிற்று. தாய்க்கும் மகளுக்கும் சிங்களம் தெரியாது. நான் விடுப்பெடுத்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பலகாமத்து வயல்கள் விளைந்து கிடந்தன. பஸ் யன்னலால் அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வழிநெடுக இறக்கி இறக்கிச் சோதித்தார்கள்.

சிறையில் கைதிகளைப் பார்க்கவிடும் இடத்தில் கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் சனம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவளுடைய தகப்பன் நான் நினைத்ததைவிடச் சின்ன மனிதர். மகளைக் கண்டதும் சிரித்தார், வளர்ந்துவிட்டாய் என்றார். பிறகு என்னைக் கிட்ட வரும்படி கூப்பிட்டார்.

“நீங்கள்தானே சேர் பிள்ளையை மறிச்சுப் பள்ளிக்கூடத்தில வைச்சிருந்தனீங்கள்? மனிசி சொன்னவ. பெரிய உதவி சேர். நான் இப்பிடிக் கிடந்தாலும் அவளின்ர படிப்புக் குழம்பேல்லை.” பிறகு மகளைப் பார்த்தார். “அந்தக் கடைசித் திங்கட்கிழமை மட்டும் ஒருக்கா வந்திருக்கலாம். அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது.”

உங்கள் பிள்ளையை உங்களிடம் வரவிடாமல் செய்தவன் நான். நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள் என்று வாக்குக் கொடுத்தவனும் நான். அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

“அது என்ர கடமைதானே” என்றேன்.

அவர் வலைக்கு அப்பால் கைகுவித்தார். நானும் குவித்தேன். பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. ஆசிரியர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருக்கும் பிள்ளையின் பார்வை அது. நான் ஒன்றும் சொல்லவில்லை என்றதும் அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். என்னென்ன பாடம் நடக்கிறது என்று அவர் கேட்டார். மணி அடிக்கும்வரை, சத்தத்துக்கு மேலால் கேட்கும்படி, அவள் ஒவ்வொரு பாடமாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.