ஆவ்னே கை ஓங்காத நாள்

கௌஹவா கத்திக்குப் பேர்போன ஊர். அங்கேயே ஆவ்னேயின் வெறுங்கைக்குப் பயந்து ஆண்கள் ஒதுங்கி நடந்தார்கள். அம்மாவை அடித்த அப்பனைப் பள்ளிக்கூட வயதிலேயே பனியில் புரட்டி எடுத்தவள் அவள். கார் பட்டறை வைத்த பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. போன வருடம் நாயைச் சங்கிலியால் விளாசிய ஒருவனின் தாடையைப் பெயர்த்துவிட்டாள். நீதிபதி சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து, இன்னொரு முறை யாரையாவது தொட்டால் உள்ளேதான் என்றார்.

பிப்ரவரியில் ஒரு காலை, பண்ணைக்கார வெய்யோவின் மனைவி ஹில்யாவின் கார் நத்தையாக ஊர்ந்து வந்து பட்டறைக்குள் நின்றது. எஞ்சின் விளக்கு எரிந்தது. ஆவ்னே கோளாறைப் படிக்கும் கருவியைக் காரில் மாட்டினாள். ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து தகவலே வரவில்லை என்றது திரையில் வந்த கோடு, அதாவது கோளாறு எண். போன மாதமும் இதே கோடுதான். மிதியையே புதிதாக மாற்றியிருந்தாள்.

கருவி இன்னொன்றும் சொன்னது. பழைய கோட்டை யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்த பிறகு கார் ஓடிய தூரம், ஹில்யாவின் பண்ணையிலிருந்து பட்டறைக்கு வரும் தூரம்தான்.

"வீட்டுல வெச்சு யாரு அழிச்சது?"

"வெய்யோ ஒரு கருவி வாங்கி வெச்சிருக்கான்," என்றாள் ஹில்யா. "நின்னுபோகும்போதெல்லாம் மாட்டிப் பாப்பான். வண்டிக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் ஓட்டத் தெரியலம்பான்."

ஆவ்னே விளக்கைப் பிடித்துக்கொண்டு மிதிக்கு மேலே தலையை விட்டுப் பார்த்தாள். மிதிக்கு வரும் ஒயரின் பிளக் கழன்று தொங்கியது. அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்திருந்தான் பாவி. ஹில்யாவும் குனிந்தாள். மப்ளர் விலகியது. கழுத்தில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. ஆவ்னேக்கு ரத்தம் கொதித்தது.

"எங்க போகப் பாத்த?"

"வாசாவுல அக்கா வீட்டுக்கு. கெளம்பும்போதெல்லாம் இப்படித்தான்."

"நல்லாப் பாத்துக்க. இதப் புடுங்கினா எஞ்சின் ஓடும், வண்டி ஊரும். அவ்வளவுதான்." பிளக்கைச் செருகி, பட்டியால் இறுக்கிக் கட்டினாள். காரைப் பின்வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தி, சாவியை ஹில்யாவிடம் கொடுத்தாள்.

வெளியே வெய்யோவின் பிக்கப் வந்து நின்றது. குளிருக்கு எஞ்சினை அணைக்காமல், கதவையும் சாத்தாமல், சக்கர நட்டுக் கம்பியோடு உள்ளே வந்தான். "பின்வாசல் வழியா ஓடு" என்று ஹில்யாவைத் தள்ளினாள் ஆவ்னே.

"எங்கடி அவ?"

"நாய்க்குச் சோறு வைக்கப் போயிருக்கா. உனக்குத்தான்."

முதல் அடி தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டாவது வாயில் விழுந்து பல் உடைந்தது. எங்கே திருப்பி அடித்துவிடுவோமோ என்று ஆவ்னே நல்ல கையால் லிஃப்ட் தூணைக் கட்டிக்கொண்டாள். தொங்கிய கையின் முஷ்டி தானாகவே மூடியது. ஒரே ஒரு குத்து, அவன் மூக்கே இருக்காது. அந்த ஆசை வலியைவிடப் பெரியதாக இருந்தது. ஆனால் அவன் தோளுக்குப் பின்னால், ஜன்னலில், ஹில்யா பிக்கப்பின் திறந்த கதவுக்குள் குனிவது தெரிந்தது. அவன் மட்டும் இப்போது திரும்பிவிடக் கூடாது.

"அவ்வளவுதானா? உங்கம்மா இதவிட நல்லா அடிப்பாளேடா!"

அவன் வெறிபிடித்தவனாக விலாவில் மிதித்தான். ஆவ்னே தரையில் சரிந்தாள். அப்போது ஹில்யாவின் கார் உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டிப் பறந்தது.

வெய்யோ கம்பியை வீசிவிட்டு ஓடினான். பிக்கப்பில் ஏறி மிதித்தான், மறுபடி மிதித்தான். எஞ்சின் முனகியது. வண்டி நத்தையாக ஊர்ந்து பனிக்குவியலில் முட்டி நின்றது. உள்ளே எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

ஆவ்னே விலாவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். கருவியின் முனையால் அவன் கண்ணாடியைத் தட்டினாள்.

"கோடு பாக்க வேண்டியதில்ல, வெய்யோ," என்று ரத்தத்தைத் துப்பினாள். "வண்டிக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் ஓட்டத் தெரியல."