மல்சுனின் மேல்தாடை

தென்கொரியாவின் டோங்யோங் துறைமுகத்துக் கொட்டகையில் சிப்பி உடைக்கும் பே மல்சுனுக்கு மேல்வரிசை முன்பற்கள் போய்ப் பல வருஷமாகிவிட்டது. செட்டுப் பல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கடித்துத் தின்ன முடியாமல், குழம்பில் சோற்றைக் கரைத்துத்தான் விழுங்குவாள்.

மகன் குவாங்ஹி சியோலில் பல் டாக்டர்களுக்கு, புதுப் பல்லைத் தாங்க எலும்பில் இறக்கும் இம்ப்ளான்ட் திருகு விற்கிறான். ஃபோன் செய்வதே அபூர்வம். அந்த வசந்தத்தில் அவனாகவே கூப்பிட்டு, புதுப் பல் வைக்கிறேன், கிளம்பி வா என்றான். கொட்டகை முழுக்கச் சொல்லித் தீர்த்தாள் மல்சுன். பக்கத்து இருக்கையில் சிப்பி உடைக்கும் கும்ரே, "பல்லு வந்ததும் எங்க பங்கையும் சேத்துத் தின்னுடாதடி" என்று சீண்டினாள்.

சியோல் போன பிறகுதான் அது டாக்டர்களுக்கான பயிற்சி வகுப்பு என்று தெரிந்தது. அவள் வாய் பெரிய திரையில் தெரியுமாம். மகன் பிழைக்கும் இடத்தில் தன்னாலும் ஒரு உபயோகம் என்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

முகத்தைத் துணியால் மூடி, வாயை மட்டும் விட்டு, மரத்துப்போக ஊசி போட்டார்கள். வகுப்பெடுக்கும் பேராசிரியர் விளக்கினார். பல் போனதால் எலும்பு கரைந்து கத்தி முனைபோல் ஆகிவிட்டது, திருகு நிற்க அகலமில்லை. எலும்பின் உச்சியில் கீறி, மெல்லிய உளியால் தட்டித் தட்டிப் பிளந்து விரித்து, நடுவே திருகை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளிச்சுவர் முறிந்துவிடும்.

"இவ்வளவு மெலிசான தாடை லேசுல கெடைக்காது. எங்க புடிச்சீங்க இவங்கள?" என்று கேட்டார்.

"ஊர்ப்பக்கம் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க, சார்" என்றான் குவாங்ஹி.

துணிக்கடியில் மல்சுனுக்கு எல்லாம் கேட்டது. சுத்தியல் தட்டும்போதெல்லாம் நெற்றிவரை அதிர்ந்தது. வலியில்லை. ஆனாலும் கண்ணீர் காதுவரை ஓடியது. பயந்துவிட்டாள் என்று நினைத்து நர்ஸ் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் கஞ்சிப் பொட்டலத்தை நீட்டினான் மகன். வீங்கிய வாயால் அவள் கேட்டாள்.

"ஏன்டா அப்பிடிச் சொன்ன?"

"அங்க எல்லாருக்கும் நம்ம குடும்பம் வேற மாதிரினு நெனப்பும்மா."

"வேற மாதிரின்னா?"

"விடும்மா, பஸ்ஸு கெளம்பப் போவுது."

தையல் பிரிக்க அவள் சியோலுக்குப் போகவில்லை. உள்ளூர் டாக்டரே பிரித்தார். சுவர் முறியாமல் அருமையாகச் செய்திருக்கிறார்கள், எலும்பு கூடியதும் இலையுதிர் காலத்தில் போய்ப் பல்லைப் பொருத்திக்கொள்ளுங்கள் என்றார்.

இலையுதிர் காலத்தில் குவாங்ஹி கூப்பிட்டான். ஈறைத் திறந்து திருகுகளை வகுப்பில் காட்டப் பேராசிரியர் ஆசைப்படுகிறாராம்.

"எனக்கு சியோல்ல தெரிஞ்சவங்க யாரும் இல்லப்பா" என்று ஃபோனை வைத்துவிட்டாள். அப்புறம் அவன் கூப்பிடவில்லை.

சிப்பிப் பருவம் தொடங்கியது. பல் எப்போது வருகிறது என்று கும்ரே நச்சரித்தாள். எலும்பு இன்னும் கூடவில்லையாம், மகன்தான் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறான் என்று சொல்லி, அடுத்த சிப்பியில் கத்தியைச் செருகினாள் மல்சுன்.